பொது டிக்கெட்டில் ஸ்லீப்பர், ஏசி பெட்டி: பாலக்காடு – வாளையார் – கோவை தடத்தில் எது செல்லும், எது செல்லாது?

கஞ்சிக்கோடு_ஷிப்ட்
கோவை, போத்தனூர், மதுக்கரைப் பக்கமிருந்து கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்குத் தினமும் போய் வருகிறவங்க நிறையப் பேர் இருக்காங்க. மெமு (குறுந்தூர மின்சார ரயில்) தவறினா அடுத்து வர எக்ஸ்பிரஸ்ல ஏறி, பாலக்காடு ஜங்ஷன்ல இறங்கி, பஸ் பிடிச்சுத் திரும்பி வரணும். அந்த எக்ஸ்பிரஸ்ல பொதுப் பெட்டி நிரம்பி வழியும். கண்ணுக்கு முன்னால ஸ்லீப்பர்ல சீட் காலியா தெரியும், ஏறிடறாங்க. அப்புறம் டிடிஆர் (டிக்கெட் பரிசோதகர், டிடிஇன்னும் சொல்வாங்க) கேட்கிற தொகையைப் பார்த்து "இது என்ன கணக்கு?"ன்னு சண்டை.

கேள்விகளை ஒண்ணா வைக்கிறேன். சீசன் டிக்கெட் வச்சிருக்கிறவர் ஸ்லீப்பர்ல ஏறினா என்ன போடுவாங்க? பொது டிக்கெட் இருந்தா வித்தியாசம் மட்டும் கட்டினா போதுமா? யாரும் உட்காராத சீட்ல உட்கார்ந்தா யாருக்கு என்ன நஷ்டம்? முறையா மேல் வகுப்புக்கு மாற வழி உண்டா? விவரம் தெரிஞ்சவங்க ரூபாய், பிரிவு எண்ணோட சொல்லுங்க. "டிடிஆர் நல்லவரா இருந்தா விட்டுருவார்" மாதிரி பதில் வேண்டாமுங்க.

ஒலவக்கோடு_சார்ட்
முதலில் கணக்கு. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 138. இதில் இரண்டு நிலை உண்டு. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பாதிச் சண்டை.

ஒன்று, டிக்கெட்டே இல்லை. பயணம் செய்த தூரத்துக்கு முழுக் கட்டணம், அதன் மேல் அபராதக் கட்டணம். இரண்டு, டிக்கெட் இருக்கிறது, ஆனால் அது கீழ் வகுப்புக்கு உரியது. அப்போது இரண்டு வகுப்புக்கும் உள்ள வித்தியாசம், அதன் மேல் அபராதக் கட்டணம். இரண்டிலும் அபராதக் கட்டணம் என்பது கட்ட வேண்டிய தொகைக்குச் சமமான இன்னொரு மடங்கு, அல்லது 250 ரூபாய், இதில் எது அதிகமோ அது.

எடுத்துக்காட்டுக்கு, வித்தியாசம் 160 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 160 என்பது 250-ஐ விடக் குறைவு. ஆகவே 160 + 250 = 410. வித்தியாசம் 420 ரூபாய் என்றால் 420 + 420 = 840. "அபராதம் 250தானே, கட்டிவிட்டுப் படுத்துக்கொள்கிறேன்" என்று நினைப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். 250 என்பது அடிமட்டம், உச்சவரம்பு இல்லை. தூரம் கூடக் கூட, வகுப்பு உயர உயரத் தொகை இரட்டிப்பாகும். ஏசி என்றால் கட்டணத்துக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டியும் சேரும்.

அடுத்து, நம் தடத்துக்கே உரிய ஒரு சங்கதி. பாலக்காடு ஜங்ஷனிலிருந்து கோவை சுமார் 55 கி.மீ. ஆனால் ஸ்லீப்பருக்குக் குறைந்தபட்சக் கட்டணத் தூரம் 200 கி.மீ.; மூன்றடுக்கு, இரண்டடுக்கு ஏசிக்கு 300 கி.மீ.; ஏசி சேர் காருக்கு 150 கி.மீ. வாளையாரைத் தாண்டி வரும் 55 கி.மீ.க்கு ஸ்லீப்பரில் 200 கி.மீ. காசும், ஏசியில் 300 கி.மீ. காசும் போடப்படும். "இவ்வளவு கிட்டத்துக்கு இவ்வளவா?" என்ற ஆத்திரம் புரிகிறது. டிடிஇ தன் இஷ்டத்துக்குப் போட்ட தொகை இல்லை அது. கட்டண அட்டவணையே அப்படித்தான் இருக்கிறது.

கஞ்சிக்கோடு_ஷிப்ட்
சீசன் டிக்கெட்டுக்கு வித்தியாசக் கணக்கா, முழுக் கணக்கா?

ஒலவக்கோடு_சார்ட்
முழுக் கணக்கு. சீசன் டிக்கெட் முன்பதிவுப் பெட்டிக்குச் செல்லாது. செல்லாத டிக்கெட்டோடு ஏறியவர் அந்தப் பெட்டியில் டிக்கெட் இல்லாதவராகவே கணக்கிடப்படுவார். ஆகவே 200 கி.மீ. ஸ்லீப்பர் கட்டணம் முழுவதும், அதோடு 250. மாதச் சீசனில் மிச்சம் பிடித்த காசில் பெரும் பங்கு ஒரே காலையில் போய்விடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். சூப்பர்பாஸ்ட் ரயிலில் பொதுப் பெட்டியிலேயே ஏறினாலும், சீசன் டிக்கெட்டில் சூப்பர்பாஸ்ட் துணைக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். எண் 12 அல்லது 22 என்று தொடங்கினால் சூப்பர்பாஸ்ட். 20 என்று தொடங்கும் சிலவும் உண்டு. மங்களூர் மெயில், திருவனந்தபுரம் மெயில் இரண்டும் பெயரில் மெயில்தான், ஆனால் எண் 12601, 12623. சூப்பர்பாஸ்ட் கணக்கில் வரும்.

மீனாட்சிபுரம்_ராஜி
டி-ரிசர்வ்டு பெட்டி பற்றி யாரும் சொல்லவில்லையே? கேரளத்துக்குள் ஓடும் சில ரயில்களில், பகலில், குறிப்பிட்ட ஸ்லீப்பர் பெட்டியைக் குறிப்பிட்ட இரண்டு நிலையங்களுக்கு இடையில் முன்பதிவு இல்லாத பெட்டியாக விடுகிறார்கள். அதில் பொது டிக்கெட்டில் ஏறலாம், தப்பே இல்லை.

எல்லையோரத்துக்காரர்கள் தவறுவது எங்கே என்றால், அந்த அனுமதி இந்த நிலையத்திலிருந்து இந்த நிலையம் வரை என்றுதான் இருக்கும். கடைசி நிலையம் தாண்டியதும் அதே பெட்டி, அதே இருக்கை, மறுபடி ஸ்லீப்பர். அங்கே இறங்காமல் கோவை வரை உட்கார்ந்து வந்தால் மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். பெட்டி எண்ணும் ரயிலுக்கு ரயில் வேறு; எஸ்-7 ஒரு ரயிலில் விடப்பட்டது என்பதற்காக அடுத்த ரயிலின் எஸ்-7இல் ஏறக்கூடாது. தெற்கு ரயில்வே பட்டியல் வெளியிடுகிறது, அவ்வப்போது மாற்றுகிறது. பழைய வாட்ஸ்அப் படத்தை நம்பாமல் நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

முன்பு பகல் பயணத்துக்குக் கவுண்டரிலேயே முன்பதிவு இல்லாத ஸ்லீப்பர் டிக்கெட் கொடுத்தார்கள். பாலக்காட்டுப் பக்கம் வயதானவர்கள் இன்னும் அதைக் கேட்டு வரிசையில் நிற்கிறார்கள். அது நிறுத்தப்பட்டு ரொம்ப நாள் ஆயிற்று.

போத்தனூர்_பைபாஸ்
ஏன் ஏறுகிறார்கள் என்பதையும் பேச வேண்டும். எல்லாரும் ஏமாற்றவேண்டும் என்று ஏறவில்லை.

எல்எச்பி என்ற புதுவகைப் பெட்டி ஒன்று சுமார் 23.5 மீட்டர். 22 பெட்டி என்றால் 520 மீட்டர் நீளம். பொதுப் பெட்டிகள் பெரும்பாலும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. பாலக்காட்டில் நடைமேடை நடுவில் உள்ள படிக்கட்டில் இறங்குகிறவர் எந்தப் பக்கம் போனாலும் கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும், கையில் பையோடும் குழந்தையோடும். அதற்குள் சிக்னல் விழுந்துவிடுகிறது, எதிரில் இருக்கும் பெட்டியில் தாவி ஏறுகிறார். "உள்ளேயே நடந்து போய்க்கொள்ளலாம்" என்ற எண்ணம். அது நடக்காது. பொதுப் பெட்டிக்கும் ஸ்லீப்பருக்கும் இடையிலுள்ள வழி ஷட்டர் போட்டுப் பூட்டியிருக்கும். வாளையாரில் நிற்காத ரயில் என்றால் அடுத்த நிறுத்தம் வரை அவர் அந்தப் பெட்டியில்தான்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, ரயில் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே நடைமேடையின் கோடிக்குப் போய்விடுவது. பெட்டி வரிசைப் பலகையில் பொதுப் பெட்டி எந்தப் பக்கம் என்று தெரியும். ரயில் திசை மாறிப் புறப்படும் நிலையங்களில் முன்பக்கம் பின்பக்கமாகிவிடும், அதையும் பார்க்க வேண்டும்.

மற்றொன்று: கேரளத்திலிருந்து வரும் எல்லா ரயிலும் கோவை ஜங்ஷனுக்குள் போகாது. சில போத்தனூர் – இருகூர் வழியாகப் போய்விடும். கோவை என்று டிக்கெட் எடுத்துவிட்டுப் போத்தனூரில் இறங்காமல் விட்டால், அடுத்த நிறுத்தம் திருப்பூரோ ஈரோடோ. அப்போது டிக்கெட்டில் உள்ள ஊரைத் தாண்டிய பயணம் என்று இன்னொரு கணக்கு சேரும். அதுவும் பிரிவு 138தான்.

சித்தூர்புழை_வக்கீல்
தாவி ஏறியவருக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. பிரிவு 55. சரியான டிக்கெட் இல்லாமல் பெட்டியில் ஏறக்கூடாது என்று சொல்லும் அதே பிரிவுதான், அதிகாரம் பெற்ற ரயில்வே ஊழியரிடம் அனுமதி வாங்கி ஏறலாம், பிறகு கட்டணம் கட்டிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. அனுமதி கொடுத்ததற்குச் சான்று தருவார்கள். அந்தச் சான்று கையில் இருந்தால் பிரிவு 138இன் அபராதக் கட்டணம் கிடையாது. வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும்.

ஆகவே வரிசை முக்கியம். ஏறும் முன் சொன்னால் வித்தியாசம் மட்டும். பிடிபட்ட பின் சொன்னால் வித்தியாசமும் அபராதமும். "டிடிஆரைத் தேடிட்டுத்தான் இருந்தேன்" என்று பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு சொல்வது சான்று ஆகாது. நடைமேடையில் பெட்டி வாசலில் டிடிஇ நிற்பார், ரயிலின் கார்டு கடைசிப் பெட்டியில் இருப்பார். அங்கே சொல்ல வேண்டும்.

பிரிவு 137 வேறு. அது ஏமாற்றும் நோக்கத்தோடு செய்வது. திருத்திய டிக்கெட், ஏற்கெனவே பயன்படுத்திய டிக்கெட், இன்னொருவர் பெயரில் உள்ள டிக்கெட்டைத் தன் பெயரென்று காட்டுவது எல்லாம் அதில் வரலாம். 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நீதிமன்றம் தனியாகக் காரணம் எழுதினாலன்றி அபராதம் 500க்குக் குறையாது. பொது டிக்கெட்டோடு ஸ்லீப்பரில் நிற்கிறவர் மேல் உடனே 137 பாயாது. அவர் பணம் கட்டினால் 138ஓடு முடிந்தது. கட்ட மறுத்தால் மாஜிஸ்ட்ரேட் முன் போகும். கட்டாததற்கு 10 நாள் முதல் ஒரு மாதம் வரை சிறை.

பிரிவு 155: தனக்கு ஒதுக்கப்படாத முன்பதிவு இடத்தில் உட்கார்ந்துகொண்டு, எழுந்திரு என்று ஊழியர் சொல்லியும் எழாவிட்டால் வெளியேற்றலாம், 500 ரூபாய் வரை அபராதம். எழுந்து போய்விட்டால் இந்தப் பிரிவுக்கு வேலையில்லை.

கஞ்சிக்கோடு_ஷிப்ட்
பெண்கள் தனியா வந்தா ராத்திரியில இறக்கிவிட முடியாதுன்னு சொல்றாங்களே, அது உண்மையா?

சித்தூர்புழை_வக்கீல்
பிரிவு 139. துணைக்கு ஆண் இல்லாமல் தனியாகவோ குழந்தையோடோ வரும் பெண்ணை, பயணம் தொடங்கிய நிலையம், ஜங்ஷன், கடைசி நிலையம், மாவட்டத் தலைநகர் நிலையம் இவற்றில் மட்டுமே இறக்கலாம், அதுவும் பகலில் மட்டும். கட்டணம் தள்ளுபடி என்று இதற்குப் பொருள் இல்லை. நள்ளிரவில் ஆளில்லாத நிலையத்தில் விட்டுவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு. இந்த ஒரு வரியை எல்லாப் பெண் பயணிகளும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஆரியங்காவு_கணவாய்
நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து. செங்கோட்டை – புனலூர் பக்கம் ஆகட்டும், பாலக்காடு ஆகட்டும், பகலில் ஸ்லீப்பரில் பாதி இருக்கை காலியாகத்தான் போகிறது. பொதுப் பெட்டியில் வாசல்படியில் தொங்கிக்கொண்டு வருகிறார்கள். காலி இடத்தில் உட்கார்ந்தால் ரயில்வேக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. படுக்கை நேரம் இரவு 10 முதல் காலை 6 வரைதானே? பகலில் அது உட்காரும் பெட்டிதானே?

ஒலவக்கோடு_சார்ட்
இரண்டு தவறான எண்ணம் இதில் கலந்திருக்கிறது அண்ணாச்சி.

10 மணி – 6 மணி விதி அந்த அறைக்குள் முன்பதிவு செய்தவர்களுக்கு இடையிலானது. நடுப்படுக்கைக்காரர் பகலில் படுக்கையைத் தூக்கி மாட்டி மற்றவர் உட்காருவதைத் தடுக்கக் கூடாது, கீழ்ப்படுக்கைக்காரர் மேலே உள்ளவருக்கு உட்கார இடம் தர வேண்டும், அவ்வளவுதான். வெளியாளுக்குப் பகலில் கதவு திறக்கும் விதி அல்ல அது.

இரண்டாவது, காலி என்று தெரிவது பெரும்பாலும் காலி இல்லை. பாலக்காட்டில் காலியாகத் தெரியும் 34ஆம் எண் படுக்கைக்குக் கோவையில் ஆள் ஏறலாம், ஈரோட்டில் ஏறலாம், சேலத்தில் ஏறலாம். இடையில் உள்ள நிலையங்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஏறும் நிலையத்தை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. உண்மையிலேயே ஆள் வராவிட்டால் டிடிஇ தன் கைக்கருவியில், எச்.எச்.டி என்பார்கள், வரவில்லை என்று பதிவார். அந்த இடம் முதலில் ஆர்ஏசிக்காரருக்குப் போக வேண்டும். பக்கவாட்டுக் கீழ் இருக்கையில் இரண்டு பேர் முழங்காலை மடக்கி உட்கார்ந்து வருகிறார்களே, அவர்கள் முழு ஸ்லீப்பர் கட்டணம் கட்டியவர்கள். அவர்களுக்குப் போக மிச்சம் இருந்தால் அடுத்த நிலையத்தின் காத்திருப்போருக்கு.

ஆகவே "யாருக்கு நஷ்டம்?" என்ற கேள்விக்கு விடை, அந்த ஆர்ஏசிக்காரருக்கு. மேல்படுக்கையில் ஒருவர் போர்வை போர்த்திப் படுத்திருந்தால், டிடிஇ அங்கே வந்து சேரும்வரை அது நிரம்பியதாகவே தெரியும். ஒரு டிடிஇ மூன்று நான்கு பெட்டி பார்க்கிறார். எல்எச்பி ஸ்லீப்பரில் பெட்டிக்கு 80 படுக்கை, பழைய ஐசிஎப் பெட்டியில் 72. கடைசிப் பெட்டிக்கு அவர் வருவதற்குள் ஈரோடு தாண்டிவிடும். அதுவரை ஆர்ஏசிக்காரர் உட்கார்ந்தே வருவார்.

ஆரியங்காவு_கணவாய்
ஆர்ஏசி விஷயம் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பொதுப் பெட்டி போதவில்லை என்பது உண்மைதான். அதை விட்டுவிட்டு அபராதத்தை மட்டும் பேசினால் நியாயமாகாது.

ஒலவக்கோடு_சார்ட்
அது முழுக்க நியாயம். கூடுதல் பொதுப் பெட்டி, கூடுதல் மெமு, டி-ரிசர்வ்டு தூரத்தைக் கோவை வரை நீட்டுவது இவற்றைக் கேட்டு மனுக்கொடுக்க வேண்டியது பாலக்காடு, சேலம் ஆகிய இரண்டு கோட்டங்களிலும். நம் தடம் இரண்டு கோட்டத்துக்கும் நடுவில் கிடப்பதால் ஒரு பக்கம் மட்டும் கேட்டால் மற்றப் பக்கத்தைக் கைகாட்டுவார்கள்.

ரேணிகுண்டா_கேபின்
வடக்கு எல்லைப் பக்கத்திலிருந்து ஒரு சேர்க்கை. சென்னை – திருத்தணி – புத்தூர் – ரேணிகுண்டா – திருப்பதி தடத்தில் பகல் ரயில்களில் குழப்பம் வேறு மாதிரி. இங்கே முன்பதிவு இரண்டாம் வகுப்பு உட்காரும் பெட்டி உண்டு, டி-1, டி-2 என்று எழுதியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பொதுப் பெட்டி மாதிரியே இருக்கும், உள்ளேயும் அதே மாதிரி இருக்கை. ஏழுமலையானைத் தரிசிக்கப் போகும் கூட்டம் பெட்டி எழுத்தைப் பார்க்காமல் ஏறிவிடுகிறது.

எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டால் போதும். எஸ் ஸ்லீப்பர். பி மூன்றடுக்கு ஏசி. எம் சிக்கன மூன்றடுக்கு. ஏ இரண்டடுக்கு. எச் முதல் வகுப்பு ஏசி. சி ஏசி சேர் கார். ஈ எக்சிகியூட்டிவ். டி முன்பதிவு உட்காரும் பெட்டி. எழுத்து, எண் எதுவும் இல்லாமல் பொது என்றோ முன்பதிவு இல்லை என்றோ எழுதியிருப்பதுதான் பொதுப் பெட்டி.

நெடுந்தூர ரயில்களில் இன்னொரு ஆபத்து. கன்னியாகுமரி – திப்ரூகர் விவேக் எக்ஸ்பிரஸ் 4,100 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. உங்கள் பாலக்காடு, கோவை வழியாக வந்து காட்பாடி, ரேணிகுண்டா, கூடூர் என்று மேலே போகிறது. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டு, எங்கே ஏறினார் என்பதில் சந்தேகம் வந்தால், ரயில் புறப்பட்ட நிலையத்திலிருந்து கட்டணம் போடச் சட்டம் இடம் தருகிறது. நடுவில் டிக்கெட் பரிசோதனை நடந்திருந்தால் கடைசியாகப் பரிசோதித்த இடத்திலிருந்து. அதனால்தான் பத்து ரூபாய் நடைமேடை டிக்கெட்கூட உதவும். வழியனுப்ப ஏறி இறங்க முடியாமல் போனவருக்கு, அந்தச் சீட்டு எந்த நிலையத்தில் ஏறினார் என்பதற்கு ஆதாரம். அபராதம் தப்பாது, ஆனால் தூரம் கட்டுக்குள் நிற்கும்.

மீனாட்சிபுரம்_ராஜி
மொபைல் டிக்கெட் பற்றிச் சில விவரம். ரயில்ஒன் செயலியில் எடுத்த காகிதமில்லாப் பொது டிக்கெட்டைச் செயலிக்குள்ளேயே திறந்து காட்ட வேண்டும். திரையைப் படம் பிடித்து இன்னொருவருக்கு அனுப்பினால் செல்லாது. வாளையார்க் காட்டுக்குள் சிக்னல் போய்விடும் என்பதால் ஏறும் முன்பே டிக்கெட் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொள்வது நல்லது. ரயிலுக்குள் டிடிஇ வருவதைப் பார்த்துவிட்டு எடுக்க முயல்வதும் பலிக்காது. தண்டவாளத்துக்கு அருகில் செயலி தடுக்கும், தப்பித்தவறி எடுத்தாலும் எடுத்த நேரம் அதிலேயே பதிந்திருக்கும். நிலையத்துக்குள் நிற்பவர்களுக்கு ஒட்டியிருக்கும் க்யூஆர் தாளை ஸ்கேன் செய்யும் வழி இருக்கிறது.

199 கி.மீ. வரையிலான பொது டிக்கெட் எடுத்து 3 மணி நேரத்துக்குள், அல்லது அந்தத் தடத்தின் முதல் ரயிலில் பயணம் தொடங்க வேண்டும். காலையில் எடுத்த கோவை டிக்கெட்டை மாலை ஷிப்ட் முடிந்து காட்டினால் டிக்கெட் இல்லாதவர் கணக்கில் வரும்.

கஞ்சிக்கோடு_ஷிப்ட்
காத்திருப்புப் பட்டியல் டிக்கெட்? "எப்படியும் காசு கட்டியாச்சு"ன்னு ஏசியில ஏறிடறாங்க. மாமா பேர்ல கன்பர்ம் ஆன டிக்கெட்ல மச்சான் போறதும் நடக்குது.

ஒலவக்கோடு_சார்ட்
இணையத்தில் எடுத்தது சார்ட் (இறுதி ஒதுக்கீட்டுப் பட்டியல்) போட்டபின்னும் முழுக்கக் காத்திருப்பில் நின்றால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அந்த எண்ணோடு ஏறினால் டிக்கெட்டே இல்லை என்று பொருள். கவுண்டரில் எடுத்த காத்திருப்புக் காகிதம் இருந்தாலும் ஸ்லீப்பர், ஏசியில் இடம் கிடையாது, பொதுப் பெட்டிக்குத்தான் போக வேண்டும்.

பெயர் மாற்றம் உண்டு. புறப்பட 24 மணி நேரம் முன்பு முன்பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், உறவுக்குச் சான்றோடு. அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மகன், மகள், கணவன், மனைவி. மாமன் மச்சான் இந்தப் பட்டியலில் இல்லை. மாற்றாமல் ஏறினால் அபராதத்தோடு நிற்காமல் டிக்கெட் கைமாற்றம் என்ற பிரிவு 142க்கும் போகக்கூடும்.

முறையாக மேல் வகுப்புக்குப் போக மூன்று வழி. முதலாவது, டிக்கெட் எடுக்கும்போதே தானியங்கி மேம்பாட்டுக்குச் சம்மதம் என்று குறிப்பது. 2006 முதல் இருக்கிறது. சார்ட் போடும்போது மேல் வகுப்பில் இடம் மிஞ்சினால், ஸ்லீப்பர்க்காரருக்கு ஏசி இடம் ஒரு ரூபாய்கூட இல்லாமல் கிடைக்கும். பிஎன்ஆர் எண் அதேதான். ரத்து செய்தால் கழிவு பழைய வகுப்புக் கணக்கில்தான். சலுகைக் கட்டணம், பாஸ் உள்ளவர்களுக்குப் பொருந்தாது. குடும்பமாகப் போகிறவர்கள் யோசித்துக் குறியுங்கள். நீங்கள் கேட்டு வாங்கிய கீழ்ப்படுக்கை புதிய பெட்டியிலும் அமையும் என்று உறுதியில்லை. இரண்டாவது, சார்ட்டுக்குப் பிறகு கரண்ட் புக்கிங். கவுண்டரிலும் ஐஆர்சிடிசியிலும் மிச்ச இடம் தெரியும். மூன்றாவது, வக்கீல் சொன்னபடி நடைமேடையில் டிடிஇயிடம் கேட்டு, இடம் இருந்தால் வித்தியாசமும் முன்பதிவுக் கட்டணமும் கட்டுவது. ஸ்லீப்பருக்கு முன்பதிவு 20 ரூபாய், மூன்றடுக்குக்கு 40, இரண்டடுக்குக்கு 50. ரசீது வாங்காமல் பணம் கொடுக்கவே கூடாது. ரசீதில் பெட்டி எண், படுக்கை எண், எங்கிருந்து எதுவரை என்று மூன்றும் இருக்கிறதா பாருங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அபராதம் கட்டிய ரசீது படுக்கைக்கு உரிமை தராது. இடம் இல்லாவிட்டால் அடுத்த நிறுத்தம் வரை போட்டு, அங்கே இறங்கிப் பொதுப் பெட்டிக்குப் போகச் சொல்வார்கள். "நானும்தான் 400 கட்டியிருக்கேன்" என்று படுக்கைக்காரரோடு வாதாடுவது வீண்.

போத்தனூர்_பைபாஸ்
இதே பழக்கம் விமானத்திலும் தொடங்கிவிட்டது. நெடும்பாசேரி (கொச்சி) விமான நிலையத்திலிருந்து வளைகுடா போகிறவர்கள் "கதவு மூடினதும் முன்னால போய் உட்கார்ந்துக்கலாம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கே என்ன நடக்கும்?

நெடும்பாசேரி_கவுண்டர்
சுருக்கமாகச் சொல்கிறேன். பணிப்பெண்கள் கையில் இருக்கை வாரியாகப் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. பிசினஸில் 12 பேர் என்றால் 12 சாப்பாடு, 12 பெயர். பெயர் சொல்லி வரவேற்பார்கள், பதின்மூன்றாவது ஆள் அப்போதே தெரிந்துவிடுவார். ரயில் மாதிரி அடுத்த நிலையம் வரை ஒளிய இடமில்லை.

இதில் எடை விஷயமும் இருக்கிறது. பயணிகள் எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுத்தான் விமானத்தின் எடைச் சமநிலைத் தாள் தயாராகிறது. ஏடிஆர் மாதிரிச் சிறு விமானங்களில் சிலர் முன்னும் பின்னும் மாறினாலே புவியீர்ப்பு மையம் நகரும். புறப்படும் முன் இடம் மாற வேண்டுமானால் பணியாளர் மூலம் விமானியின் சம்மதம் வேண்டும். அவசரக் கதவு வரிசைக்குத் தனி நிபந்தனை. சிறுவர், கர்ப்பிணி, கதவைத் திறக்க உடல் இயலாதவர் அங்கே உட்காரக் கூடாது.

எழுந்திருக்கச் சொல்லியும் எழாமல் வாய்ச்சண்டை போட்டால் ஒழுங்கற்ற பயணி விதிகள் வரும். 2017இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ வகுத்தது. வாய்ச்சண்டை முதல் நிலை, 3 மாதம் வரை பறக்கத் தடை. கைவைத்தால் இரண்டாம் நிலை, 6 மாதம் வரை. உயிருக்கு ஆபத்தானது மூன்றாம் நிலை, குறைந்தது 2 ஆண்டு. வேலைக்குப் போகும் விசாவோடு நிற்கிறவருக்கு 3 மாதத் தடை என்பது பெரிய அடி.

இதன் மறுபக்கத்தைப் பயணிகள் கேட்டு வாங்குவதில்லை, அதுதான் வருத்தம். பிசினஸ் டிக்கெட் எடுத்தவரை விமான நிறுவனம் தானாகக் கீழ் வகுப்பில் உட்கார வைத்தால், 2023 பிப்ரவரி 15 முதல் உள்நாட்டுப் பயணத்தில் வரி உட்பட டிக்கெட் விலையில் 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும். வெளிநாடு என்றால் 1,500 கி.மீ. வரை 30 சதவீதம், 3,500 வரை 50, அதற்கு மேல் 75. கொச்சி – துபாய் நடுப்பிரிவில் வரும், 50 சதவீதம். கவுண்டரிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கஞ்சிக்கோடு_ஷிப்ட்
கடைசியா ஒண்ணுங்க. முறையா டிக்கெட் எடுத்து வந்தவர் படுக்கையில இன்னொருத்தர் படுத்திருந்தா, சண்டை போடாம என்ன செய்யறது?

மீனாட்சிபுரம்_ராஜி
முதலில் உங்கள் டிக்கெட்டில் தேதியையும் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். நள்ளிரவு 12 தாண்டி வரும் ரயிலுக்கு முந்தின நாள் தேதியில் எடுத்துவிட்டு வருபவர்கள் நிறைய. சார்ட்டில் தானாக மேம்பாடு ஆகி உங்கள் இடம் பி-2க்குப் போயிருக்கவும் கூடும், பிஎன்ஆர் நிலையைப் பாருங்கள். இரண்டும் சரி என்றால் 139 என்ற ரயில்வே உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அல்லது ரயில்மதத் செயலியில் பிஎன்ஆர் எண், பெட்டி, படுக்கை எண் போட்டுப் புகார் பதியுங்கள். முன்பிருந்த 182 பாதுகாப்பு எண்ணும் 139க்குள் சேர்ந்துவிட்டது. புகார் எண் வந்ததும் அடுத்து நிற்கும் நிலையத்தின் பெயரையும் சொல்லிவிட்டால் ஆர்பிஎப் ஆட்கள் பெட்டி வாசலுக்கே வருவது எளிது. பாலக்காடு தாண்டிப் புகார் கொடுத்தால் போத்தனூர் அல்லது கோவை என்று சொல்லுங்கள்.

சங்கிலியை இழுக்காதீர்கள். இடத்தகராறு தக்க காரணம் ஆகாது, பிரிவு 141இல் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் உங்கள் மேலேயே வரும். கஞ்சிக்கோட்டுக்கும் வாளையாருக்கும் நடுவில் ரயில் நின்றால் அது யானை கடக்கும் காடு. இறங்கி நடக்கவும் கூடாது.

ஒலவக்கோடு_சார்ட்
ராஜி சொன்னதோடு ஒன்று. படுத்திருப்பவர் ஆர்ஏசியிலிருந்து டிடிஇ மாற்றிக் கொடுத்தவராகவும் இருக்கலாம். நீங்கள் பாலக்காட்டில் ஏற வேண்டியவர், ஆனால் ஓடி வந்து வேறு பெட்டியில் ஏறிக் கோவையில்தான் உங்கள் படுக்கைக்கு வந்தீர்கள் என்றால், அதற்குள் வரவில்லை என்று பதிந்திருப்பார்கள். எந்தப் பெட்டியில் ஏறினாலும் முதலில் கண்ணில் படும் டிடிஇயிடம் "எஸ்-4, 34, ஏறிவிட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். அவர் கைக்கருவியில் போட்டுவிட்டால் இடம் எங்கும் போகாது.